வீட்டுக்குள் ஒரு பாழுங்கிணறு! மூடி போட்டால் மட்டும் போதுமா?

தெருத் தண்ணீரையே கெடுக்கும் ஆபத்து. சரியாக மூட என்ன வழி?

சென்னை,

மாடிப்படிக்கு அடியில் ஒரு சிமெண்டு பலகை. அதன் மேல் இரண்டு பூந்தொட்டி. பக்கத்தில் காற்று இறங்கிப்போன ஒரு பழைய சைக்கிள். பிள்ளைகள் அந்தப் பலகை மேல் ஏறிக் குதித்து விளையாடுகிறார்கள்.

"இது என்ன?" என்று கேட்டால், "அதுவா? பழைய கிணறு சார். எப்பவோ மூடியாச்சு" என்று பதில் வரும்.

மூடியாச்சா? மேலே மூடியாச்சு. கீழே?

கீழே 30 அடி ஆழத்துக்கு இருட்டு. இடிந்த செங்கல், அறுந்த கயிறு, உடைந்த வாளி, செத்த எலி. அதற்கும் கீழே கறுப்பாய்க் கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தம் இல்லை. பக்கத்து வீட்டு போரில் மோட்டார் போட்டு ஏற்றுகிறார்களே, அதுவும் அதே தண்ணீர்தான்!

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, ஜார்ஜ் டவுன், சைதாப்பேட்டை என்று பழைய பேட்டைகளில் இப்படிப்பட்ட கிணறுகள் எத்தனையோ! சில கிணறுகள் மாடிப்படிக்கு அடியில். சில கிணறுகள் கார் நிற்கும் இடத்துக்கு அடியில். சில கிணறுகளின் மேலேயே சமையல் அறை!

கிணறு இல்லாத வீடு ஏது?

சென்னையும் கிணறும் இன்று நேற்று உறவு இல்லை. ஏழு கிணறு என்று ஒரு பேட்டைக்கே பெயர் இருக்கிறது. 1772-ம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்காரன் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஏற்பட்ட கிணறுகளால் வந்த பெயர் அது. பெரிய ஏரிகளில் இருந்து குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், ஊருக்கே கிணறுதான் கதி.

அதற்குப் பிறகும் வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தது. கல்யாண வீடு என்றால் முதலில் கிணற்றடியைத்தான் கழுவுவார்கள். ராட்டினம் கிறீச்சிடும் சத்தத்தில்தான் பொழுது விடியும்.

பிறகு என்ன ஆயிற்று? குழாய் வந்தது. கிணற்றுக்குள் மோட்டார் இறங்கியது. தண்ணீர் கீழே போனது. கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள். அதுவும் போதவில்லை. தெருவுக்குள் போர் லாரி வந்து நின்றது. 100 அடி, 200 அடி, 300 அடி என்று குழாய் இறங்கியது. கிணறு வற்றியது. ராட்டினம் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

அங்கேதான் ஆரம்பித்தது வினை!

மேஸ்திரி சொன்ன யோசனை

வீட்டை இடித்துக் கட்டும் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"மேஸ்திரி, இந்தக் கிணத்தை என்ன பண்ணலாம்?"

"அதுக்கா சார் கவலை? இடிச்ச ரப்பிஷ் மலையாக் கெடக்கு. வெளியே தூக்கிப்போட லாரி வாடகை வேற. எல்லாத்தையும் இதுக்குள்ளேயே தள்ளிட்டு மேலே ஒரு சிலாப் போட்டுடலாம்."

"பள்ளம் விழாதே?"

"விழாது சார். இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. பாத்ரூம் தண்ணியை இதுக்குள்ளேயே விட்டுட்டா தனியாப் பள்ளம் தோண்டுற செலவும் மிச்சம்!"

வீட்டுக்காரருக்கு சந்தோஷம். ஒரே கல்லில் மூன்று மாங்காய்! லாரி வாடகை மிச்சம். பள்ளம் தோண்டும் கூலி மிச்சம். கிணறும் தொலைந்தது.

மேஸ்திரி மேல் தப்பு இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். ஆனால் அன்றைக்கு மிச்சம் பிடித்த காசை அந்தத் தெருவே பல வருஷம் திருப்பிக் கட்டப்போகிறது. தண்ணீர் கேன் வாங்கி, டாக்டர் பீஸ் கொடுத்து, மருந்துக் கடையில் வரிசையில் நின்று!

டிபன் கேரியரில் ஓட்டை!

இது எப்படி நடக்கிறது? தினமும் நாம் ஆபீசுக்குத் தூக்கிப் போகும் டிபன் கேரியரை நினைத்துக் கொள்ளுங்கள்.

பூமியும் ஒரு டிபன் கேரியர்தான். மேல் அடுக்கில் மண். அதற்குக் கீழே மணல். பிறகு களிமண். அதற்கும் கீழே மறுபடி மணல் அல்லது உடைந்த பாறை. இடத்துக்கு இடம் இது மாறும். கடலோரப் பேட்டைகளில் மணல் அதிகம். கிண்டி, பரங்கிமலை, ஆதம்பாக்கம் பக்கம் போனால் சீக்கிரமே பாறை தட்டும்.

மேலே விழும் மழைத் தண்ணீர் இந்த மண்ணிலும் மணலிலும் மெல்ல மெல்ல இறங்குகிறது. இறங்கும் வழியில் அழுக்கு தங்கிவிடுகிறது. கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே மாட்டிக்கொண்டு சாகிறது. காசு வாங்காமல் பூமித்தாய் நடத்தும் பில்டர் அது!

களிமண் அடுக்குக்கு வேறொரு வேலை. மேலே இருக்கும் அழுக்குத் தண்ணீரை எளிதில் கீழே விடாது. டிபன் கேரியரில் மேல் கிண்ணத்து ரசம் கீழ்க் கிண்ணத்துத் தயிர்சாதத்தில் கலக்காமல் இருக்கிறதே, அந்த மாதிரி.

இப்போது மேல் கிண்ணத்தின் அடியில் ஒரு ஓட்டை போடுங்கள். என்ன ஆகும்? மத்தியானம் திறந்து பார்த்தால் தயிர்சாதம் ரசம் சாதம்!

கவனிக்காமல் விட்ட கிணறும், கைவிட்ட போர்க் குழியும் அப்படிப்பட்ட ஓட்டைகள்தான். மண் வடிகட்டாது. களிமண் தடுக்காது. தெருவில் ஓடும் சாக்கடையும், மெக்கானிக் ஷெட்டில் கொட்டிய எண்ணெயும், மாடு கட்டிய இடத்துக் கழிவும் நேராகக் கீழே! மாதக்கணக்கில் வடிகட்டி இறங்கவேண்டிய தண்ணீர் சில நிமிஷத்தில் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது.

போர்க் குழியில் இன்னும் ஒரு சங்கடம். உள்ளே இறக்கிய இரும்புக் கேசிங் குழாய் நாள் ஆக ஆகத் துருப்பிடித்து ஓட்டை விழும். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள சந்தை சிமெண்டோ களிமண்ணோ வைத்து அடைக்காமல் விட்டிருந்தால் அது ஒரு தனி வழி. மேலே மூடி எவ்வளவு பலமாக இருந்தாலும், பக்கவாட்டில் அழுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

லண்டனில் நடந்த பயங்கரம்!

"கிணற்றில் கொஞ்சம் அழுக்கு இறங்கினால் என்ன பெரிய ஆபத்து?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம்.

1854-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. லண்டன் நகரத்தில் சோஹோ என்ற பேட்டை. அங்கே பிராட் தெருவில் ஒரு கிணறு. அதன் மேல் ஒரு அடி பம்பு. அந்தத் தண்ணீர் ருசியானது என்று சுற்று வட்டாரமே வந்து பிடித்துப் போகும்.

திடீரென்று அந்தப் பேட்டையில் காலரா! ஒரு வீட்டில் இரண்டு பிணம். அடுத்த வீட்டில் மூன்று. சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். மொத்தம் 600 பேருக்கும் மேல்!

ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போனார். யார் செத்தார்கள், எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எல்லா விரலும் அந்த ஒரே பம்பைக் காட்டின. செப்டம்பர் 8-ந்தேதி அந்தப் பம்பின் கைப்பிடியையே கழற்றிவிட்டார்கள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் துணி அலசிய தண்ணீரைத் தாயார் வீட்டு மலக்குழியில் கொட்டினார். அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் சுமார் 3 அடிதான்! குழியின் செங்கல் சுவர் உளுத்துப் போயிருந்தது. அழுக்கு கசிந்து கிணற்றில் இறங்கியது.

அந்தத் தாய்க்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் 600 உயிர் போச்சு!

லண்டனில் கழிவுக்கும் கிணற்றுக்கும் நடுவே 3 அடி மண்ணாவது இருந்தது. கிணற்றையே கழிவுக் குழியாக ஆக்கினால்? அந்த 3 அடி மண்கூட நடுவில் இல்லை!

அரை கிரவுண்டு கணக்கு

கழிவு நீர் உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்பது கட்டட நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு.

நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டு மனை எவ்வளவு? அரை கிரவுண்டு. 1,200 சதுர அடி. 30 அடிக்கு 40 அடி. இந்த மனையில் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே டேப் பிடித்தால்கூட 50 அடிதான்!

அப்படியானால் என்ன அர்த்தம்? உங்கள் மனைக்குள் நீங்கள் எங்கே கிணறு வைத்தாலும், அந்த 60 அடி வட்டம் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். பின் வீட்டுக்குள்ளும் போய்விடும். உங்கள் தண்ணீரின் தலையெழுத்து பக்கத்து வீட்டுக்காரர் கையில். அவர் தண்ணீரின் தலையெழுத்து உங்கள் கையில்!

"என் வீட்டுக் கிணறு, என் இஷ்டம்" என்று யாரும் சொல்ல முடியாது. மதில் சுவர் தரைக்கு மேலேதான் இருக்கிறது. தரைக்குக் கீழே மதில் சுவர் கிடையாது.

குழந்தைகளைப் பலி கேட்கும் குழி

தண்ணீர் கெடுவது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. கண்ணுக்கு எதிரே நடந்த ஆபத்தும் உண்டு.

2006-ம் ஆண்டு ஜூலை மாதம் அரியானா மாநிலம் குருசேத்திரம் மாவட்டத்தில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் ஆழ்துளைக் குழிக்குள் விழுந்தான். சுமார் 50 மணி நேரம் நாடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து கண்ணீர் வடித்தது. பட்டாளத்து வீரர்கள் பக்கத்தில் இன்னொரு குழி வழியாகப் போய் உயிரோடு மீட்டார்கள்.

எல்லாக் குழந்தைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2019-ம் ஆண்டு அக்டோபர் 25-ந்தேதி மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை கைவிடப்பட்ட போர்க் குழிக்குள் விழுந்தது. முதலில் 30 அடிக்குள் சிக்கியிருந்த குழந்தை, பிறகு 80 அடிக்கும் கீழே சரிந்தது. தீபாவளி வந்தது, போனது. தமிழ்நாடே தூங்கவில்லை. 29-ந்தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

ஒரு இரும்பு மூடி இருந்திருந்தால்!

இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்க சுப்ரீம் கோர்ட்டு 2010-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந்தேதியே வழிமுறைகள் வகுத்துவிட்டது. போர் போடும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். சுற்றிலும் முள்வேலி வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்கு சிமெண்டு மேடை கட்டவேண்டும். அது தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், தரைக்குக் கீழ் 30 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். குழாய் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும், அல்லது போல்ட்டு நட்டு போட்டு மூடி முடுக்கவேண்டும். பம்பு ரிப்பேருக்காகக் கழற்றினாலும் குழியைத் திறந்து போடக்கூடாது.

கைவிட்ட போர்க் குழியை என்ன செய்வது? களிமண், மணல், கூழாங்கல் போன்றவற்றைப் போட்டு அடியில் இருந்து தரைமட்டம் வரை நிரப்பவேண்டும் என்று கோர்ட்டு கூறியிருக்கிறது.

"அடியில் இருந்து தரைமட்டம் வரை" என்பதைக் கவனியுங்கள். மூடி போட்டால் குழந்தை விழாது. ஆனால் தண்ணீர் பிழைக்காது. நிரப்பினால்தான் இரண்டும் பிழைக்கும்.

அன்று கை கொடுத்தது எது?

2019-ம் ஆண்டு கோடைகாலத்தைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டன. தெருவில் நாள் பூராவும் குடங்களின் வரிசை. ஓட்டல்களில் சாப்பாடு நிறுத்தம். "வீட்டில் இருந்தே வேலை செய்" என்று கம்பெனிகள் சொல்லின.

அன்று கை கொடுத்தது எது? ரெயிலிலும் லாரியிலும் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் லாரித் தண்ணீரில் பெரும்பங்கு எங்கே இருந்து வந்தது? ஊரைச் சுற்றி உள்ள கிணறுகளிலும் போர்களிலும் இருந்துதான்! ஏரி என்பது கையில் உள்ள சில்லரை. பூமிக்கு அடியில் உள்ள தண்ணீர் பேங்கில் போட்ட பணம்.

அந்தப் பேங்கில் அழுக்கைக் கலந்துவிட்டால்? ஏரி அழுக்கானால் அடுத்த மழையில் புதுத் தண்ணீர் வரும். நிலத்தடி நீர் ஒருதரம் கெட்டால் பல வருஷம் ஆனாலும் சுத்தம் ஆவது கஷ்டம். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் நிலத்துக்குள் கடல் தண்ணீர் புகுந்தது 1969-ம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. உப்பான தண்ணீரின் தொல்லை இன்றும் அங்கே தீரவில்லை.

எல்லாக் கிணற்றையும் மூடவேண்டுமா?

வேண்டாம்! இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

சுவர் உறுதியாக இருக்கிறது, சாக்கடை கலக்கவில்லை, மழைக்காலத்தில் தண்ணீர் ஊறுகிறது என்றால் அந்தக் கிணறு ஒரு சொத்து. தூர் வாரி, கம்பி வலை போட்டு, மொட்டைமாடி மழைத் தண்ணீரை வடிகட்டி அதில் விடலாம். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது பல வீடுகளில் பழைய கிணற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

சின்னக் கணக்கு ஒன்று. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர் மழை. மொட்டைமாடி 1,000 சதுர அடி இருந்தால், வீணாவது போகக் கிட்டத்தட்ட 1 லட்சம் லிட்டர் தேறும். 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் 8 லாரி தண்ணீர்!

ஆனால் உள்ளே போவது மொட்டைமாடித் தண்ணீராக மட்டும் இருக்கவேண்டும். முதல் மழையைக் கழித்துவிட்டு, கூழாங்கல்லும் மணலும் போட்ட தொட்டி வழியாக விடவேண்டும். தெருத் தண்ணீரையும் வாசல் கழுவிய தண்ணீரையும் விட்டால், அது மழைநீர் சேகரிப்பு அல்ல, சாக்கடை சேகரிப்பு! போர்க் குழிக்குள் நேராகத் தண்ணீர் விடுவோர் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். அழுக்குக்கு அது குறுக்குவழி.

கொசுவையும் மறக்கவேண்டாம். சென்னையில் மலேரியாக் கொசு குடியிருப்பது கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான். வைத்துக்கொள்ளும் கிணற்றுக்குக் கொசு புகாத வலை அவசியம்.

சரி, எந்தக் கிணற்றை மூடவேண்டும்? சுவர் சரிந்தது, கழிவு கலந்து மீட்க முடியாதது, கட்டடத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது, ஆள் நடமாட்டத்தில் ஆபத்தாக இருப்பது, திரும்பப் பயன்படுத்தும் எண்ணமே இல்லாதது. இவற்றை அரைகுறையாக விடக்கூடாது. முழுசாக மூடவேண்டும்.

கிணற்றை மூடும் முறை

முதலில் உள்ளே கிடக்கும் பம்பு, குழாய், வயர், கயிறு, குப்பை எல்லாவற்றையும் மேலே எடுக்கவேண்டும். ஆனால் இதற்காக யாரையும் அவசரப்பட்டு உள்ளே இறக்கிவிடாதீர்கள்! பல காலம் மூடிக்கிடந்த கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கும். மூச்சுக் காற்று இருக்காது. இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, இப்படி இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் செத்த பரிதாபங்கள் உண்டு. கொக்கி, பாதாளக் கரண்டி கொண்டு வெளியே நின்றபடியே எடுக்கவேண்டும்.

கழிவுக் குழாய் இணைப்பு இருந்தால் முதலில் அதைத் துண்டிக்கவேண்டும். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றவேண்டும். தண்ணீர் நிற்கும் உயரம் வரை சுத்தமான மணலும் கூழாங்கல்லும். அதற்கு மேல் சுத்தமான மண்ணும் களிமண்ணும், அடுக்கு அடுக்காகப் போட்டுத் திமிசு கொண்டு இடிக்கவேண்டும்.

மேலே உள்ள மூன்று நாலு அடி உறையை எடுத்துவிட்டு, கிணற்று வாயைவிட அகலமாகக் களிமண் போட்டு இறுக்கவேண்டும். கடைசியில் ஆமை ஓடு போலக் கொஞ்சம் மேடாக விடவேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் அங்கே தேங்காமல் வழிந்து ஓடும். மண் ஒரு மழைக்காலத்தில் தணியும். மறுபடி பார்த்து நிரப்பவேண்டும்.

எவ்வளவு மண் பிடிக்கும்? 5 அடி குறுக்களவு, 30 அடி ஆழம் உள்ள கிணற்றுக்குக் கிட்டத்தட்ட 590 கன அடி. அதாவது சுமார் 6 யூனிட். இரண்டு, மூன்று லாரி லோடு.

போர்க் குழிக்கு அரை யூனிட்டே அதிகம்!

போர்க் குழிக்கு எவ்வளவு? ஆறரை அங்குலக் குழி, 200 அடி ஆழம் என்றால் மொத்தமே 46 கன அடி. அரை யூனிட்டுக்கும் குறைவு! இந்தச் செலவுக்கு யோசித்துத்தான் குழியைச் சாக்குப் பையால் கட்டிவிட்டுப் போகிறார்கள். கொடுமை இல்லையா?

ஆனால் நிரப்புவதில் சூட்சுமம் இருக்கிறது. பெரிய கல்லைப் போட்டால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். மேலே பார்த்தால் நிறைந்த மாதிரி தெரியும். கீழே காலி! பிறகு ஒரு நாள் மழையில் பொசுக்கென்று உள்ளே இறங்கும். ஆகவே சிறு கூழாங்கல்லும் மணலும் மெதுவாகப் போடவேண்டும். நடுநடுவே கயிற்றில் தூக்குக்குண்டு கட்டி இறக்கி, எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 46 கன அடி பிடிக்கவேண்டிய குழி 10 கன அடியிலேயே நிறைந்துவிட்டதா? நடுவில் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மேல் பகுதியைச் சிமெண்டுக் குழம்பாலோ, பைலிங் வேலைக்குப் பயன்படும் பென்டோனைட் களிமண்ணாலோ அடைத்தால் மேல் அழுக்கு கீழே இறங்காது. இதற்கு ஒரு குழாயைக் கீழே வரை விட்டு, அதன் வழியாகக் குழம்பை ஊற்றிக்கொண்டே குழாயை மேலே இழுப்பதுதான் நல்ல முறை. கடைசியில் குழாய் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங். மேலே சிமெண்டு மேடை. வேலை முடிந்தது.

இவற்றைச் செய்யவே கூடாது!

கிணற்றில் வீட்டுக் குப்பையைக் கொட்டக்கூடாது. பெயிண்டு டப்பா, பழைய பாட்டரி, என்ஜின் ஆயில், மருந்து பாட்டில் கூடவே கூடாது.

பாத்ரூம், கக்கூஸ் தண்ணீரைக் கிணற்றில் விடக்கூடாது.

வெறும் சிலாப்பை மட்டும் போட்டு அதன் மேல் வண்டி நிறுத்தக்கூடாது. உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடிப்பது வெளியே தெரியாது.

போர்க் குழியைச் சாக்கு, பலகை, தகர டப்பா போட்டு மறைத்துவிட்டுப் போகக்கூடாது.

தண்ணீரில் வாடை வந்தாலும், நிறம் மாறினாலும் "காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்" என்று இருக்கக்கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும். எண்ணெயும் ரசாயனமும் அப்படியே இருக்கும். ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தோண்டப் பெர்மிஷன்; மூட யார்?

சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் நிலத்தடி நீரைக் காக்க 1987-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கிணறு தோண்ட அனுமதி வாங்கவேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் மனிதன் குணம் என்ன? தோண்டும்போது பூஜை போடுவான். தண்ணீர் வந்தால் ஸ்வீட் கொடுப்பான். தண்ணீர் நின்றதும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். போர் லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, "தண்ணீர் வராவிட்டால் குழியை மூடிவிட்டுப் போகவேண்டும்" என்று பேசி முடித்தால் பாதிக் கவலை தீரும்.

வாடகைக்கு இருப்பவர்களும் "நமக்கென்ன?" என்று இருக்கவேண்டாம். தண்ணீர் குடிப்பது நீங்கள். பலகை மேல் ஏறி விளையாடுவது உங்கள் குழந்தை. வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் மாநகராட்சி வார்டு ஆபீசில் எழுதிக் கொடுங்கள்.

இந்தப் பேப்பரை பஸ்சிலோ ரெயிலிலோ படித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். போனதும் காப்பி குடியுங்கள். குடித்துவிட்டு ஒரு நிமிஷம் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை போய்ப் பாருங்கள். அந்தப் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

நீங்கள் சற்று முன் குடித்த காப்பி எந்தத் தண்ணீரில் போட்டது என்று அப்போது தெரியும்!